கண்மாய்ப் பெரியவருக்குப் பொன்னாடை மட்டும் போதாது

புரட்டாசி பிறந்துவிட்டால், கண்மாய்ப் பாசனம் உள்ள ஊர்களில் யாராவது ஒரு பெரியவர் மண்வெட்டியோடு கரைக்குக் கிளம்பிவிடுவார். வரத்துக்காலில் அடைத்துக் கிடக்கும் செடிகளை வெட்டுவார். கரையில் எலி வளை, நண்டு வளை இருந்தால் மண் போட்டு மிதிப்பார். மடையின் ஷட்டர் ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். இதற்கெல்லாம் யாரும் அவருக்குக் கூலி கொடுப்பதில்லை. உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். அநேகமாக அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும்.

தமிழகத்தில் ஏரி, கண்மாய்கள் சுமார் 39 ஆயிரம் உள்ளன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. காகிதத்தில் பொறுப்பு அவர்களுடையது. ஆனால், நள்ளிரவு மழையில் கரை கசிந்தால் மணல் மூட்டையோடு முதலில் வந்து நிற்பவர் இந்தப் பெரியவர்தான்.

உழவியல் படித்தவன் என்ற முறையில் அவரிடம் நான் மதிப்பது அவர் உழைப்பை மட்டுமல்ல. மார்கழியில் மழை நின்று, கண்மாயில் நீர் குறையும்போதுதான் அவருடைய அறிவு தெரியும். நெல்லுக்குப் பொதிப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் தண்ணீர் தட்டுப்பட்டால் பதர் கூடி மகசூல் சரியும். எந்த வயல் பொதியில் இருக்கிறது, எது பால் பிடித்துவிட்டது, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர எத்தனை மணி நேரமாகும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதை வைத்துத்தான் முறை பிரித்துவிடுகிறார். தன் வயல் காய்ந்தாலும் முறையை மாற்றமாட்டார் என்ற நம்பிக்கை இருப்பதால்தான் ஊரும் கட்டுப்படுகிறது.

இந்தத் தொண்டுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அவர் கரையில் நிற்கும் நாட்களில் அவருடைய வயலில் களை எடுப்பதும், மாட்டுக்குத் தீவனம் வைப்பதும் மனைவியும் மருமகளும்தான். மகன் வெளியூர் வேலையில் இருந்தால் சுமை இன்னும் கூடும். ஊருக்கு அவர் தரும் உழைப்பில் ஒரு பங்கு அந்த வீட்டுப் பெண்களுடையது. பொன்னாடை போர்த்தும் மேடையில் அதை யாரும் சொல்வதில்லை.

முன்பு இந்த வேலைக்கு நீர்ப்பாய்ச்சி என்றே ஆள் இருந்தார். அறுவடையில் அவருக்கு நெல் அளந்தார்கள். பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சமூகத்துக் குடும்பங்களே இதைச் செய்தன. உழைப்பைப் பெற்றுக்கொண்ட ஊர், உரிய மரியாதையைத் தரவில்லை. கிணறும் மோட்டாரும் பெருகிய பிறகு பல ஊர்களில் அந்த ஏற்பாடே தேய்ந்துபோனது. மிச்சமிருந்த பொறுப்பு ஒரு தனி மனிதரின் தோளில் ஏறியது. அவர் படுத்துவிட்டால் கண்மாய்க்கு ஆள் இல்லை.

தன் காலத்துக்குப் பிறகும் நடக்கும்படி தொண்டை அமைத்தவர்கள் உண்டு. திருத்துறைப்பூண்டிப் பகுதியின் நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர். ஆதிரெங்கத்தில் 2006 முதல் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கேட்டார். வாங்கிய ஒவ்வொருவரும் விதை காப்பவராக ஆனார்கள். 2018 டிசம்பரில் அவர் மறைந்த பிறகும் அந்த ரகங்கள் வயல்களில் இருக்கின்றன. கண்மாய்க்கும் இப்படி ஒரு ஏற்பாடு வேண்டும்.

இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. இரண்டு இளைஞர்களைப் பெரியவரோடு வரத்துக்கால் தொடங்கி கலுங்கு வரை நடக்க வையுங்கள். கரை பலவீனமான இடங்களையும், ஒவ்வொரு மடையின் ஆயக்கட்டையும், முறை வைக்கும் வரிசையையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஏக்கருக்கு இவ்வளவு நெல் அல்லது பணம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி, தண்ணீர் பாய்ச்சுபவருக்குக் கூலி வையுங்கள். 2000-ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டத்தின்படி உங்கள் பகுதியில் நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் இருந்தால், இந்த நோட்டை அதன் கூட்டத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். பெண் விவசாயிகளையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். வயலில் எந்த மூலை முதலில் வெடிக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

கூலி வைத்தால் தொண்டின் பெருமை குறையும் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுபது வயதில் ஒருவர் கொட்டும் மழையில் தனியாகக் கரையில் நிற்பது ஊருக்குப் பெருமையா என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த மழைக்கு அவர் பக்கத்தில் இன்னும் இருவர் நிற்கட்டும்.