இமை தோற்கும் பந்தயம்

தீபாவளியன்று, "வெடித்தால் கண்ணை மூடிக்கொள்வேன்" என்று துணிவுடன் கூறும் மாணவர்களே, சிறு கணக்கொன்று போடுவோம்.

வெடித் துணுக்கு ஒன்று வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் பாய்வதாகக் கொள்வோம். ஒரு மீட்டர் தொலைவில் குனிந்திருப்பவரின் கண்ணை அது 1/50 வினாடியில் எட்டிவிடும். இமை மூடவோ ஏறத்தாழ 1/10 வினாடி வேண்டும். இமை தோற்பது உறுதி!

ஐந்து மீட்டர் விலகினால் நேரம் ஐந்து மடங்காகும். காற்றின் தடையால் துணுக்கின் வேகமும் குறையும். ஆகவே, தொலைவே முதற்காவல். பற்றவைப்பவருக்குக் காப்புக் கண்ணாடியும் தேவை. ஆய்வுக்கூடத்தில் அதை அணிவது ஒழுங்கு என்றால், வாசலில் மட்டும் கோழைத்தனமா?

வெடிக்காத வெடியைக் குனிந்து பார்க்காதீர்கள். காத்திருந்து, எட்ட நின்று தண்ணீர் ஊற்றுங்கள். வெடி வீணானால் சில ரூபாய்தான் நட்டம், கண் போனால்?