ஓடாத சைக்கிளில் ஓர் ஓட்டப்பந்தயம்!

நசரத்பேட்டை, பூந்தமல்லியைத் தாண்டியதும் பெங்களூர் நெடுஞ்சாலையில் வருகிற ஊர். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் இங்கேதான் குறுக்கிடுகிறது. இரவும் பகலும் லாரிகள் பறக்கின்றன.

அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கிடைக்கிறது. பள்ளிக்குப் போய்வர அது உதவும். ஆனால் ஒரு பெண், "பந்தயத்துக்குப் பழகப் போகிறேன்" என்றால், இந்தச் சாலையில் எந்தத் தாய் அனுப்புவாள்?

இதற்கு ஒரு வழி இருக்கிறது.

நகராத சைக்கிள்

சைக்கிளின் முன்பக்கத்தை ஒரு சட்டத்தில் மாட்டிவிடுவார்கள். பின் சக்கரம் ஓர் உருளையின்மேல் நிற்கும். மிதித்தால் சக்கரம் சுழலும், சைக்கிள் நகராது. மிதித்த தூரத்தைக் கடிகாரம் போன்ற வட்டத்தில் முள் காட்டும். இருவர் அருகருகே உட்கார்ந்து அரைக் கிலோமீட்டர் மிதிப்பார்கள். சுமார் அரை நிமிடத்தில் பந்தயம் முடிந்துவிடும்! 1950-களில் இங்கிலாந்தில் நாடகக் கொட்டகைகளில்கூட இது நடந்தது.

ஓய்வும் பயிற்சியே

பழகுவது எப்படி? முதலில் பத்து நிமிடம் மெதுவாக மிதித்து உடம்பைச் சூடாக்க வேண்டும். பிறகு பத்து விநாடி முழு வேகம். அதன்பின் நாலைந்து நிமிடம் ஓய்வு. இப்படி ஐந்து முறை. வாரத்தில் இரண்டு நாள் போதும்.

ஏன் இவ்வளவு ஓய்வு? முழு வேகத்துக்கு வேண்டிய சக்தி தசையில் கொஞ்சமே இருக்கிறது. சில விநாடிகளில் அது வற்றிவிடும். மறுபடி ஊறச் சில நிமிடம் ஆகும். கிணற்று நீர் போலத்தான்! வற்றிய கிணற்றில் வாளியை விட்டால் சேறுதான் வரும்.

வளைவில் திரும்பவும், விழாமல் ஓட்டவும் இது கற்றுத் தராது. அதற்கு மைதானம் வேண்டும். ஆனால் கால் வலுவையும் வேகத்தையும் இதிலேயே வளர்க்கலாம்.

அந்தமான் காட்டிய வழி

தீவில் பிறந்த பிள்ளைகளே சாதித்திருக்கிறார்கள். அந்தமானைச் சேர்ந்த எசோ ஆல்பன், 2018-ல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். அடுத்த ஆண்டு ஜெர்மனியில் அவரும் ரொனால்டோ சிங்கும் ரோஜித் சிங்கும் சேர்ந்து இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார்கள்.

நம் பிள்ளைகளுக்கு என்ன குறை? பக்கத்து அம்பத்தூர், ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களால் பெயர் பெற்ற ஊர். சைக்கிளே செய்த வட்டாரத்தில் ஓர் உருளையும் சட்டமும் செய்வது பெரிய காரியமா? சைக்கிளை அரசு கொடுத்துவிட்டது. உருளையைப் பள்ளியும் ஊராரும் சேர்ந்து கொடுக்கட்டும். லாரிக்குப் பயந்து ஒரு பிள்ளையின் வேகம் வீட்டுத் திண்ணையில் முடங்கக் கூடாது!