தற்காலிக அடைப்பும் என் கடவாய்ப் பல்லும்



போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தங்கை மகன் ஒரு போட்டோ போட்டிருந்தான். உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு சின்னத் துண்டு. "மாமா, ரூட் கெனால் பண்ணி அடைச்ச சிமெண்ட் பதினஞ்சே நாள்ல விழுந்துடுச்சு. டூப்ளிகேட் சரக்கு. இனிமே அந்த டாக்டர் பக்கமே போகமாட்டேன்" என்று கீழே எழுதியிருந்தான். உடனே ஆறேழு பேர் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். எனக்கும் இப்படித்தான் என்று இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

அவனுக்குப் போன் போட்டு ஒரு கேள்விதான் கேட்டேன். "திரும்ப எப்ப வரச் சொன்னார்?"

"ஒரு வாரத்துல வரச் சொன்னார் மாமா. வலி போயிடுச்சு, அதான் போகல."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்த நீண்ட பதிவு. அதே வாக்கியத்தை நானும் சொல்லி ஒரு பல்லை இழந்தவன்.

நான்கு வருடத்துக்கு முன் எனக்குக் கீழ்க் கடவாய்ப் பல்லில் ரூட் கெனால் செய்தார்கள். இரண்டு முறை போனேன். வேர்க் குழாய்களைச் சுத்தம் செய்து, மேலே தற்காலிகமாக அடைத்து, அடுத்த வாரம் வாருங்கள், நிரந்தரமாக அடைத்துக் கேப் போட வேண்டும் என்றார்கள். வலி சுத்தமாகப் போய்விட்டது. பிறகு பேத்திக்குக் காது குத்து, அப்புறம் ஓய்வூதியர் சங்கக் கூட்டம், அப்புறம் மழை. வீட்டுக்காரம்மா நினைவூட்டும்போதெல்லாம், "வலிக்கலையே, அப்புறம் என்ன?" என்பேன். எட்டு மாதம் ஓடியது. கிருஷ்ண ஜெயந்திக்குச் செய்த சீடையை வாயில் போட்டுக் கடித்தேன். சத்தம் சீடையில் வந்ததா பல்லில் வந்ததா என்றே தெரியவில்லை. பல் நெட்டுக்குத்தாக ஈறுக்குக் கீழே வரை பிளந்திருந்தது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்றார்கள். முப்பத்தோரு வருடம் வேதியியல் நடத்தியவனுக்கு இது வெட்கக்கேடுதான். அந்த அடைப்பில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என்ன இருந்தது? பல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் ஒரு வாசனை அடிக்கும், கவனித்திருப்பீர்கள். அது நம் வீட்டு அஞ்சறைப் பெட்டி வாசனை. கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால். அதோடு துத்தநாக ஆக்சைடு பொடியைக் குழைத்தால் கொஞ்ச நேரத்தில் இறுகும். பன்னிரண்டாம் வகுப்பில் கொடுக்கிணைப்புச் சேர்மம் நடத்தினேனே, நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு பக்கமும் பிடிக்கும் என்று கையை வளைத்துக் காட்டுவேனே, அதேதான். யூஜினால் மூலக்கூறுகள் துத்தநாகத்தைக் கொடுக்காகப் பிடித்துக்கொள்கின்றன. வாயின் சூடும் ஈரமும் இறுகுவதை வேகப்படுத்தும்.

இனி நான் மிகவும் ரசிக்கும் இடம். அதே ஈரம்தான் பிறகு அந்தப் பிடியை மெல்ல மெல்ல விடுவிக்கிறது. நீர் பட்டுப் பட்டு யூஜினால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிகிறது. அந்தக் கசிவுதான் வலிக்கும் பல்லுக்கு இதம். ஆக, இதம் தருவதும் கரைந்து போவதும் ஒரே வேலை. உங்கள் வலியை ஆற்றிக்கொண்டே அந்த அடைப்பு தன்னைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. நாமோ வலி போனதைப் பார்த்து, வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம்.

வேறொரு வகையும் உண்டு. டப்பாவிலிருந்து மாவு போல எடுத்து அப்படியே குழியில் அமுக்குவார்கள். அதில் துத்தநாக ஆக்சைடோடு கால்சியம் சல்பேட்டும் இருக்கும், மாவுக்கட்டுப் போடும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸின் குடும்பம். எச்சில் ஈரத்தை உறிஞ்சிச் சற்றே உப்பி இறுகுவதால் ஓரங்களை நன்றாக மூடும். ஆனால் மெத்தென்றது. மூன்றரை மில்லிமீட்டர் கனமாவது இருந்தால்தான் எச்சிலை உள்ளே விடாமல் தடுக்கும். சில வாரங்களுக்கு மேல் அதை நம்பக் கூடாது.

கணக்கு வேண்டுமென்பவர்களுக்கு (என் மாணவர்கள் யாரும் வேண்டுமென மாட்டார்கள், தெரியும்): அழுத்தம் என்பது விசை வகுத்தல் பரப்பு. ஒரு நியூட்டன் ஒரு சதுர மில்லிமீட்டரில் விழுந்தால் ஒரு மெகாபாஸ்கல். சீடையைக் கடவாயில் வைத்து 300 நியூட்டன், அதாவது சுமார் 30 கிலோ எடைக்குச் சமமான விசையோடு கடிக்கிறீர்கள். அது பல்லைத் தொடும் இடம் 4 சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 75 மெகாபாஸ்கல். பல்லின் மேலுறையான எனாமல் நசுங்காமல் ஏறத்தாழ 380 வரை தாங்கும். உள்ளே இருக்கும் டென்டின் 300-ஐ ஒட்டி. துத்தநாக ஆக்சைடு கலவையில் பிளாஸ்டிக் தூள் சேர்த்து வலுவூட்டிய வகைகூட 40, 50 அளவில்தான் நிற்கும். மாவு வகை அதற்கும் கீழே. பிறகு விழாமல் என்ன செய்யும்?

"அப்ப வலுவானதாவே வச்சா என்ன சார்?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். நல்ல கேள்வி. டாக்டர் அடுத்த முறை அதைத் தோண்டி எடுத்து, மறுபடி வேருக்குள் போக வேண்டும். கல்லாக இறுகினால், அடைப்பு எங்கே முடிகிறது பல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் பல்லையும் சேர்த்துக் குடைய நேரும். சுலபமாக வர வேண்டும் என்பதற்காகவே அது மென்மையாக வைக்கப்படுகிறது. தற்காலிக கேப்பை ஒட்டும் சிமெண்டும் அப்படித்தான், தட்டினால் வர வேண்டும். சில மாதம் வரமுடியாது, வெளிநாடு போகிறேன் என்றால் முதலிலேயே சொல்லுங்கள். பல்லோடு வேதியியல் பிணைப்பு கொள்ளும் கிளாஸ் அயனோமர் போன்ற வலுவான பொருளை வைக்கலாமா என்று அவர் யோசிப்பார்.

ஆகவே, விழுந்தது டூப்ளிகேட் சரக்கு அல்ல. விழுந்தது கூடப் பெரிய ஆபத்தில்லை, கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, டாக்டரிடம் ஓடலாம். என் வாயில் நடந்த மாதிரி விழாமல் இருந்து, ஓரத்தில் தேய்ந்து, எச்சிலும் கிருமியும் சுத்தம் செய்த குழாய்க்குள் இறங்குவதுதான் மோசம். நரம்பை எடுத்துவிட்ட பல் அலறவும் அலறாது. நடுவில் குடைந்த பல்லின் சுவர்கள் மெலிந்து நிற்கும், இந்த மென்மையான அடைப்பு அவற்றைச் சேர்த்துப் பிடிக்காது. கேப் போடச் சொல்வது அதற்காக. அழகுக்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான். நம்மில் பலர் திரும்பப் போகாததற்கு வலி போனது மட்டும் காரணமில்லை. அடுத்த முறை கேப்புக்கு எவ்வளவு கேட்பாரோ என்ற பயம். எனக்கும் அது இருந்தது, சங்கக் கூட்டத்தையும் மழையையும் சாக்காகச் சொன்னேன். கடைசியில் பல்லைப் பிடுங்கி, பக்கத்துப் பற்களைப் பிடித்துப் பாலம் கட்டியதில் கேப்பைவிடப் பல மடங்கு போனது.

என் மாணவர்களில் நாலைந்து பேர் பல் டாக்டர்கள். உங்களிடம் வாத்தியாராக ஒரு குறை சொல்கிறேன். "அடுத்த வாரம் வாங்க" என்று வாயால் சொன்னால் போதாது. வலியோடு, பாதி வாய் மரத்துப்போய், பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் காதில் அது ஏறாது. சீட்டில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: இது தற்காலிக அடைப்பு, இந்தத் தேதிக்குள் வர வேண்டும், மீதி வேலைக்கு இவ்வளவு ஆகும். முதல் நாளே தொகை தெரிந்தால் ஒருவன் கடனோ உடனோ ஏற்பாடு செய்துகொள்வான். தெரியாவிட்டால் ஒளிந்துகொள்வான். என்னை மாதிரி படித்தவனே ஒளிந்தேன்.

தங்கை மகன் நேற்று மறுபடி பேசினான். சனிக்கிழமை காலை அதே டாக்டரிடம் போகிறானாம். விழுந்த துண்டைக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறான், அவரிடம் காட்டிக் கேட்கவேண்டுமாம். அதை எனக்குக் கொடுடா, கிராம்பு வாசனை இன்னும் மிச்சம் இருக்கிறதா பார்க்கிறேன் என்றேன். அதுவரை அந்தப் பக்கம் மெல்லாதே என்றும் சொல்லியிருக்கிறேன். அவன் அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள் என்று கேள்வி.