பச்சை நத்தையின் களவு

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோர உவர்ச்சதுப்புகளில் எலிசியா குளோரோடிகா என்னும் ஓடில்லாக் கடல்நத்தை வாழ்கிறது. அது வாச்சீரியா என்னும் பாசியின் இழையைத் துளைத்து, உள்ளிருப்பதை உறிஞ்சுகிறது. மற்றவற்றைச் செரித்துவிட்டு, பசுங்கணிகங்களை மாத்திரம் தன் குடற்சுவரின் உயிரணுக்களில் காத்துவைக்கிறது. பின்பு இலைபோல் பச்சையாகி, வெளிச்சத்தில் ஏறக்குறைய 9 மாதங்கள் இரையின்றியே உயிர்தரிக்கிறது.

இதைக் கூட்டுறவென்று மெச்சுவோர் உண்டு. நீங்கள் அப்படிச் சொல்லாதிருங்கள். வெறுமையாக்கப்பட்ட பாசிக்கு இதில் பங்கேது? களவைக் களவென்றே சொல்லுவோம். ஆயினும் விசித்திரமான களவு. அபகரித்ததை அழிக்காமல் பேணுகிறதே! அந்தப் பசுங்கணிகங்கள் முட்டைகளுக்குள் செல்வதில்லை. ஒவ்வொரு இளநத்தையும் அப்பாசியைக் கண்டடைந்து உண்ட பின்னரே பச்சையாகிறது.