கட்டத்துக்குள்ளே கணக்கு!

சுடோகு போரடிச்சிடுச்சா? எண் குறுக்கெழுத்துப் பக்கம் வாங்க. எழுத்துக்குப் பதிலா இலக்கம், அவ்வளவுதான்.

ஒரு சாம்பிள். இடமிருந்து வலம் 1: ஈரிலக்க வர்க்க எண். மேலிருந்து கீழ் 1: ஈரிலக்கக் கன எண். ஒரே விடை ரெண்டு தடவை வராது.

வர்க்கம் 16, 25, 36, 49, 64, 81னு ஆறு இருக்கு. கனம் 27, 64 மட்டும்தான். ரெண்டுக்கும் முதல் கட்டம் ஒண்ணு. அப்போ அங்கே 2 அல்லது 6. ஆறுன்னா ரெண்டுமே 64 ஆயிடும், கூடாது. ஸோ 25, 27!

தனித்தனியா பார்த்தா எந்தக் குறிப்பும் பிடி கொடுக்காது. சந்திக்கிற கட்டத்துலதான் விடை. ஜாலியும் அதுதான், கஷ்டமும் அதுதான். சொல்லில் ஓர் எழுத்து தப்பானா கண்ணே காட்டிக் கொடுத்துடும். 27க்குப் பதிலா 26 எழுதினா? அதுவும் எண்தானே! பத்து கட்டம் தள்ளித்தான் இடிக்கும்.

கல்மண்டபத்துப் பசங்களுக்குப் பழகின நம்ம துறைமுகத்துல, 1912-ல் மாசம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா வேலை பார்த்தவர் ராமானுஜன். பிறகு கேம்பிரிட்ஜில், நண்பர் மகலனோபிஸ் ஒரு பத்திரிகைப் புதிரை வாசிச்சார். தெருவில் 1-லிருந்து வரிசையா வீடுகள். ஒரு வீட்டுக்கு இடப்பக்க எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கக் கூட்டுத்தொகையும் சமம். மொத்த வீடுகள் 50க்கு மேல, 500க்குள்ள. விடை: 288 வீடுகள், 204-ம் எண். அடுப்புல காய்கறி கிளறிக்கிட்டே ராமானுஜன் சொன்னது, இந்த மாதிரி எல்லா விடைகளையும் தர்ற ஒரு தொடர் பின்னம்!

பிளேஸ்மென்ட் டெஸ்ட்டுக்கு ஷார்ட்கட் போதும் பாஸ். ஆனா 'ஏன் இதுதான் விடை?'ன்னு நமக்கு நாமே நிரூபிக்கிற பழக்கம்? பென்சிலை எடுங்க!