ஆற்றுக்கு அனுப்பலாமா?



"ஐயா, என் மகன் இரண்டாம் படிவத்தில் படிக்கிறான். பள்ளி முகாமில் ஆற்றில் கயாக் விடப் போகிறார்களாம். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறான். அவன் அப்பாவோ முடியவே முடியாது என்கிறார். பையன் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் என்ன செய்யட்டும்?"

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாயார் இப்படிக் கேட்டு எழுதியிருக்கிறார். இது அவர் ஒருவருடைய கவலை மட்டுமல்ல. ஆகவே இந்த இதழில் எல்லாருக்குமாகச் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

சகோதரி, உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதில் தவறே இல்லை. ஆற்றிலும் ஈயக்குட்டையிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களை நாம் அறிவோம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நாம் கையெழுத்துப் போடாவிட்டால் பையன் தண்ணீர்ப் பக்கமே போகமாட்டானா? விடுமுறை நாளில் நாம் வேலைக்காட்டில் இருக்கும்போது, கூட்டாளிகளோடு அரைக்கால் சட்டையுடன் ஆற்றில் குதிப்பான். அங்கே மிதவை ஜாக்கெட்டும் இருக்காது, சொல்லிக்கொடுக்கும் ஆளும் இருக்கமாட்டார். எது அதிக ஆபத்து என்று நீங்களே சொல்லுங்கள்.

முதலில் கயாக் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். வடதுருவப் பகுதியில் வாழும் மக்கள் கடல்நாய்த் தோலைச் சட்டத்தின்மேல் இழுத்துத் தைத்து, வேட்டைக்காகச் செய்த சிறு படகு அது. இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் வருகிறது. காலை முன்னால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் தட்டையாக உள்ள துடுப்பால் மாறி மாறித் தள்ளவேண்டும். கேனோ என்பது இதன் உறவுக்காரப் படகு. அதில் முழங்காலிட்டோ பலகையில் உட்கார்ந்தோ, ஒரு முனைத் துடுப்பால் தள்ளுவார்கள்.

ஓடும் ஆற்றை அதன் கடினத்தைப் பார்த்து 1 முதல் 6 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். முதல் தரத்தில் சிறு சலசலப்புதான். இரண்டாம் தரத்தில் சின்ன அலைகள் இருக்கும், ஆனால் போகும் வழி அகலமாகத் தெளிவாகத் தெரியும். மூன்றிலிருந்து வேலை கடினம். ஆறாம் தரம் கைதேர்ந்தவர்களுக்கே உயிராபத்து. புதிதாகப் பழகும் பிள்ளைக்கு முதல் தரமே போதும். நன்றாகப் பழகிய பிறகு இரண்டாம் தரம்.

இத்தகைய சாதுவான ஓட்டம் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பாடப்புத்தகம் என்பேன். தண்ணீருக்கு அடியில் இருப்பதைத் தண்ணீரின் மேலேயே எழுதி வைத்திருக்கிறது. படகிலிருந்து பார்க்கும்போது நீரோட்டம் அம்புபோல் கூராகி, அதன் முனை நம்மை நோக்கி இருந்தால், முனையில் பாறை ஒளிந்திருக்கிறது என்று பொருள். முனை நமக்கு அப்பால், ஆறு போகும் பக்கம் நோக்கி இருந்தால், இரண்டு பாறைகளுக்கு நடுவே வழி இருக்கிறது. பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி மெல்ல மேல்நோக்கி வரும். அது படகு நின்று மூச்சு வாங்கும் இடம். அங்கே ஒதுங்கி, அடுத்த வளைவைப் பார்த்துவிட்டுப் பிறகு போகவேண்டும்.

அலையைக் கண்டதும் புதியவன் துடுப்பை நிறுத்திவிட்டுப் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வான். மிதிக்காத சைக்கிள் நிற்குமா? படகும் அப்படித்தான். தள்ளிக்கொண்டே இருந்தால்தான் அது சொன்னபடி கேட்கும்.

இன்னொன்று. ஓட்டம் படகைக் குறுக்காகப் பாறைமேல் கொண்டுபோய்ச் சாத்தினால், பயந்த பிள்ளை பாறையை விட்டு விலகிச் சாய்வான். தண்ணீர் வந்து மோதுவதோ அந்தப் பக்கம்தான். படகின் விளிம்பை அமுக்கி ஒரே புரட்டாகப் புரட்டிவிடும். பழகியவன் பாறையின் பக்கமே சாய்ந்து அதைக் கையால் அணைத்துக்கொள்வான். தண்ணீர் படகுக்கு அடியில் வழுக்கிப் போய்விடும். இதை வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் எந்த மாணவனுக்கும் உறைக்காது. ஆற்றில் ஒருமுறை செய்து பார்த்தால் மறக்கமாட்டான்.

படகு கவிழ்ந்தால்? கவிழத்தான் செய்யும், அதுவும் பாடத்தில் ஒரு பகுதி. மல்லாந்து மிதந்து, கால் இரண்டையும் நீட்டி, ஆறு போகும் திசையில் வைத்துக்கொள்ளவேண்டும். கால்விரல் தண்ணீருக்கு மேலே தெரியவேண்டும். வேகமான ஓட்டத்தில் எழுந்து நிற்கவே கூடாது. கால் பாறை இடுக்கில் மாட்டினால், முழங்காலுக்குச் சற்று மேலே உள்ள தண்ணீர்கூட ஆளை முன்னால் சாய்த்து அமுக்கிவிடும்.

மூன்று இடங்களைப் பிள்ளைகள் பயந்து ஒதுக்கியே ஆகவேண்டும். ஒன்று, ஆற்றில் விழுந்து கிடக்கும் மரமும் மூங்கில் புதரும். சல்லடைபோல் தண்ணீர் உள்ளே போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வான். இரண்டு, ஆற்றின் குறுக்கே கட்டிய தாழ்ந்த தடுப்புச் சுவர். பார்வைக்குச் சின்ன நீர்வீழ்ச்சிபோல் அழகாக இருக்கும். கீழே விழும் தண்ணீர் சுவரை நோக்கியே திரும்பிச் சுழன்று, விழுந்தவரை வெளியே விடாது. மூன்று, மலையில் மழை பெய்யும்போது உள்ள ஆறு. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே கொட்டிய மழை திடீரென்று சுவர்போல் வரும். மலாய்க்காரர்கள் இதைக் கெப்பாலா ஆயர் என்கிறார்கள். தண்ணீர் கலங்கினாலும், இலையும் சுள்ளியும் மிகுந்து வந்தாலும், ஆற்றின் சத்தம் மாறினாலும் சாமானை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிடவேண்டும்.

கயாக்கும் ரப்பர்ப் படகும் விட இன்று பலர் தேடிப்போகும் கோலகுபுபாருவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓடும் சிலாங்கூர் ஆற்றில், மழையையும் மேலேயுள்ள அணை விடும் நீரையும் பொறுத்து, ஒரே இடம் ஒருநாள் சாதுவாகவும் மறுநாள் முரடாகவும் இருக்கும். 1883-ஆம் ஆண்டில், பெருமழையின்போது அங்கிருந்த பழைய அணை உடைந்து, அந்நாளைய கோலகுபு ஊரை வெள்ளம் வாரிக்கொண்டு போனது. சிசில் ரேங்கிங் என்ற ஆங்கிலேய அதிகாரியும் அதில் மாண்டார். பின்னாளிலும் வெள்ளம் ஓயாததால் ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள். 'பாரு' என்றால் புதியது என்பது நமக்குத் தெரிந்ததுதானே. இன்று பிள்ளைகள் சிரித்துக்கொண்டு துடுப்புப் போடும் அதே ஆறுதான் அது. ஆற்றை நேசிக்கலாம், அலட்சியம் செய்யக்கூடாது.

சகோதரி, கையெழுத்துப் போடுமுன் ஆசிரியரிடம் இவற்றைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நாலு எழுத்துப் படித்தவர் முன்னால் நாம் என்ன கேட்பது என்று கூச்சப்படவேண்டாம்.

எந்த ஆறு, எந்தப் பகுதி, எத்தனையாம் தரம்? பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட வருகிறாரா, ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள்? ஓடும் ஆற்றில் இறங்குமுன், அசையாத தண்ணீரில் கவிழ்ந்து எழப் பழக்குவார்களா? மீட்புக் கயிறு கரையில் இருக்குமா? மழை வந்தால் நிறுத்துவது யார் பொறுப்பு? தலைக்கவசமும் மிதவை ஜாக்கெட்டும் அளவாகக் கிடைக்குமா? ஜாக்கெட்டை மாட்டி வார்களை இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கவேண்டும். காதுவரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரிது.

இவற்றுக்கு நேரான பதில் வந்தால் தைரியமாகக் கையெழுத்துப் போடுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வந்தால் போடாதீர்கள். பையன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

வீட்டிலும் இரண்டு வேலை இருக்கிறது. காலில் புண் இருந்தால் ஆறும்வரை தண்ணீரில் இறங்க விடாதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சல் புண் வழியாகவும் நுழையும். போய்வந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால், ஆற்றில் இறங்கியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்து, ஒருவன் மூழ்கினால் பின்னாலேயே குதிக்கக்கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். தம்பியைக் காப்பாற்றப் போன அண்ணனும் சேர்ந்து போய்விடுவது இப்படித்தான். கரையில் நின்றே நீண்ட கம்பை நீட்டட்டும், கயிற்றை எறியட்டும், மிதக்கும் எதையாவது வீசட்டும். யாராவது ஒருவர் 999-க்கு அழைக்கட்டும்.

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று பெரியவர்கள் சொன்னார்கள். காலையே விடாதே என்று அவர்கள் சொல்லவில்லை. ஆழம் தெரிந்துகொள்ளும் வழியைப் பிள்ளைக்குக் காட்டவேண்டியது நம் கடமை. இதை உங்கள் வீட்டுக்காரரிடமும் படித்துக் காட்டுங்கள். முடிந்தால் முகாம் அன்று ஒருநாள் லீவு போட்டுவிட்டு, அவரையே கரையில் போய் நின்று பார்க்கச் சொல்லுங்கள். மகன் முதலில் கவிழ்ந்து, தண்ணீரைத் துப்பிக்கொண்டு எழுந்து, மறுபடியும் படகில் ஏறுவதை அவர் கண்ணால் பார்க்கட்டும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.