'பரோட்டா' சூரி, சூரியானது எப்படி? சொல்லப்படாத அந்த 14 வருஷம்

நடிகர் சூரியைப் பற்றிய வீடியோக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மதுரை பக்கம் ராஜாக்கூரில் பிறந்தார், சென்னைக்கு வந்தார், பெயிண்ட் அடிச்சார், பரோட்டா சீன் கிடைச்சது, வாழ்க்கை மாறிடுச்சு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு இது போதும். ஆனா, பாதிக் கதை விட்டுப்போகுது.

1996-ல் சென்னை வந்தவருக்கு 'வெண்ணிலா கபடிக்குழு' அமைந்தது 2009-ல். 13 வருஷம். நடுவில் 'வின்னர்', 'காதல்' என்று தலைகாட்டினார். இன்றைக்கு பாஸ் பண்ணிப் பார்த்தால்தான் ஆள் தெரியும். சோறு போட்டது சினிமா செட்டில் பெயிண்ட் அடிக்கிற வேலை. வேலையை விட்டுட்டு கனவைத் துரத்துங்கள் என்று சொல்கிற ரீல்ஸ்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வாடகை கொடுக்க முடிந்தவரால்தான் காத்திருக்க முடியும்.

அதே வருஷம் அதே ஊரிலிருந்து பஸ் ஏறி, திரும்பி வந்து கடை வைத்தவர்களும் இருப்பார்கள். அவர்கள் கம்மியாகவா முயன்றார்கள்?

சூரியின் விஷயத்தில் உண்மையில் பேச வேண்டியது இரண்டாவது காத்திருப்பைத்தான். 50 பரோட்டா பந்தயத்துக்குப் பிறகு பெயருக்கு முன்னால் 'பரோட்டா' ஒட்டிக்கொண்டது. ஹீரோவுக்கு நண்பன், ஊருக்கு வெகுளி என்று வரிசையாகப் படங்கள். கையில் காசு, மதுரையில் சொந்த ஓட்டல். இந்த இடத்திலிருந்து வேறு மாதிரி நடிகனாக மாற என்ன அவசரம்? பசி துரத்தும்போது ஓடுவது ஒருவகை. வயிறு நிறைந்த பிறகும் ஓடுவது வேற லெவல் கஷ்டம். அதை யாரும் விடாமுயற்சி என்று சொல்வதுகூட இல்லை.

வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகத்தில் கான்ஸ்டபிள் குமரேசனாக அவர் வந்தது 2023-ல். மறுபடியும் 14 வருஷம்!

அடுத்த வருஷமே 'கொட்டுக்காளி'. 'கூழாங்கல்' எடுத்த பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கி, பெர்லின் திரைப்பட விழா வரை போன படம். பின்னணி இசையே கிடையாது. மதுரை வட்டாரத்துச் சாலைகளில் ஆட்டோவில் போகிற ஒரு குடும்பம், அதில் கோபத்தை அடக்கிக்கொண்டு வரும் பாண்டியாக சூரி. அத்தனை வருஷம் அவரைக் காப்பாற்றியது மதுரைப் பேச்சு. இந்தப் படத்தில் பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கும், கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். குரலே சரியாக வராது.